கித்தாவா, இரப்பரா?

பல்கலைக்கழகப் படைப்பிலக்கிய வகுப்பில் நம் மாணவர் எழுதும் கதைகளில் பாட்டி எப்படிப் பேசுகிறார், கவனித்திருக்கிறீர்களா? "காலை உணவு உண்டாயா?" என்கிறார். எந்த வீட்டுப் பாட்டி இப்படிக் கேட்பாங்க? "பசியாறிட்டியா?" என்பதுதானே நம்ம ஊர்ப் பேச்சு!

கித்தாவை இரப்பராகவும் சடக்கைச் சாலையாகவும் பள்ளியிலேயே திருத்திவிடுகிறோம். கட்டுரைக்கு அது சரி. கதையில், பால்மரம் வெட்டியவர் வாயில் அந்தத் திருத்தம் ஒட்டாது. தமிழ்நாட்டு அகிலன் நம் தோட்ட வாழ்க்கையைப் 'பால்மரக் காட்டினிலே' நாவலாக்கினார். நம் மலேசிய எழுத்தாளர் சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். இரண்டிலும் உரையாடலை மட்டும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் நாலு கித்தா, ரெண்டு பெரட்டு தூவினால் மண்வாசம் வந்துடாது. அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளை, பார்க்காத லயத்தைப் பற்றி எழுதினால் அதுவும் இரவல் குரல்தான். அவனுக்கு லிஃப்டில் கேட்கும் பேச்சு இருக்கிறது: தமிழும் மலாயும் கலந்து, இடையிடையே "லா" போட்டு. விரிவுரையாளர் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு, முதலில் அதை எழுதச் சொல்லலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களே, பேச்சு வழக்கை உரையாடலுக்குள், மேற்கோள் குறிக்குள் வையுங்கள். கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும்.