புளூட்டார்க் காட்டும் பொம்பேயு

ரோமப் படைத்தலைவன் பொம்பேயுவின் சரித்திரத்தை, ஸ்பார்த்தா அரசன் அகெசிலாவின் சரித்திரத்துடன் இணைத்து எழுதியவர் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க். சிறு செயல்களிலும் மனிதரின் குணத்தைக் காட்டுவதில் அவர் வல்லவர். ஆயினும் வேதமாணாக்கராகிய நாம் இந்நூலில் ஒரு பெருங்குறையைக் காண்கிறோம். யூதேயாவை அடக்கியதும், அரசன் அரிஸ்தொபூலுவைச் சிறைபிடித்ததும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன.

கி.மு. 63-இல் நிகழ்ந்ததை யோசேபஸ் விரித்துரைக்கிறார். மூன்றாம் மாத முற்றுகையில் தேவாலயம் வீழ்ந்தது. ஆசாரியர் பலிசெலுத்துகையிலேயே வெட்டுண்டனர். பிரதான ஆசாரியனுக்கு மட்டுமே உரிய ஸ்தலத்தினுள் பொம்பேயு நுழைந்தான். அங்கிருந்த 2,000 தாலந்தைத் தொடாமற் சென்றான் என யோசேபஸ் புகழ்கிறார். பொன்னைத் தொடாமை நற்குணமே. ஆனால் நுழைந்ததே தீட்டன்றோ? வென்றவனின் தன்னடக்கத்தை அளக்கும் கோல், தோற்றவரின் துயரத்தை அளப்பதில்லை.

கி.மு. 48-இல் எகிப்தின் கரையருகே பொம்பேயு கொலையுண்டான். 'சாலொமோனின் சங்கீதங்கள்' என்னும் யூதநூல், அவன் பெயரைச் சொல்லாமலே, அடக்கம்பண்ணுவாரின்றிக் கிடந்த அவ்வுடலில் தேவனுடைய நியாயத்தீர்ப்பைக் காண்கிறது. புளூட்டார்க்கோ, அவனால் விடுதலைபெற்ற பிலிப்பு என்பவன் அவ்வுடலைக் கடல்நீரில் கழுவி, பழைய மீன்பிடி படகின் பலகைகளை அடுக்கித் தகனஞ்செய்ததாகக் கூறுகிறார். நூலின் மிகச்சிறந்த பகுதி இதுவே.

எனவே இவ்விரு நூல்களையும் யோசேபஸையும் சேர்த்தே வாசிக்கும்படி மாணவருக்குப் பரிந்துரைக்கிறோம். பகைவனின் முடிவைத் தேவதண்டனை எனப் பிரசங்கிக்க விரையும்போது, பலகை பொறுக்கிய அம்மனிதனை நாம் மறவாதிருப்போமாக.