விதியா, வரைந்த கோடா?

“ஊர் தானே வளர்கிறது, வெள்ளம் வந்தால் அது விதி” என்போர் தரமணிக்கு வந்து பார்க்கட்டும்!

அங்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய் மனிதர் வெட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதியை, 1877–78 பஞ்சத்தில் பசித்த மக்களே தோண்டினர். அந்தக் கால்வாயிலேயே பின்னர் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டனர். 2007-இல் அது தரமணி கடந்து வேளச்சேரியை எட்டிற்று. 2000-இல் டைடல் பூங்கா எழுந்தது. அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு சுருங்கிற்று. இவற்றில் எது விண்ணிலிருந்து விழுந்தது?

வளர்ச்சியை நாம் வெறுக்கவில்லை. அங்கே வேலை பெற்றோர் நம் இளைஞரே. நீரின் வழியைக் கேளாது கோடு கிழித்ததையே கண்டிக்கிறோம். 2015 வெள்ளத்துக்கு வருணனைப் பழிப்பது, கோடு கிழித்தோரைத் தப்பவிடுவதாகும். வரைந்தது மனிதக் கையெனில், திருத்த வேண்டியதும் அதே கை!