பூட்டு எதைக் காக்கிறது?

திருப்பூர் வட்டாரத்தில் ஒரு பனியனின் அளவு, நிறம், பிரிண்ட் எல்லாம் அடங்கிய டிசைன் கோப்பு, சாயப்பட்டறை, பிரிண்டிங், எம்பிராய்டரி எனப் பல கை மாறுகிறது. இதற்கு டிஜிட்டல் உரிமைப் பூட்டே மருந்து என்கிறார்கள். கோப்பைச் சங்கேதமாக்கிச் சாவியைத் தொலைதூரக் கணிப்பொறியில் வைப்பார்கள். வேலை முடிந்ததும் அனுமதியைத் திரும்பப் பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் படிக்க வேண்டுமானால் அது திரையில் ஒளியாக வந்தே தீர வேண்டும். அவ்வொளி கைபேசிக் காமிராவுக்குள்ளும் நுழையுமே! தைத்த சாம்பிளுக்கோ பூட்டே கிடையாது.

சட்டத்தின் போக்கு இன்னும் விசித்திரமானது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை. அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல், உரிமையாளரே 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்தால் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது. மெத்தைத் துணி டிசைன்கள் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009-இல் டில்லி உயர்நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. பனியன் ஆர்டரில் 50 எம்மாத்திரம்? உரிமையே போனபின் 65ஏ எதைக் காக்கும்?

2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி பதிந்தால் 10 ஆண்டும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. முன்பே வெளியான டிசைனைப் பதிய இயலாது. விண்ணப்பம் போகும்வரை அதை வெளியே கசியாமல் வைத்திருக்க மட்டுமே இப்பூட்டை நான் சிபாரிசு செய்வேன்.