லாண்ட்றெசியில் ஒரு மழைநாள்: ஸ்ரீவன்சனின் பயண நூல் குறித்து

பயண நூல்களை மதிப்பிடும்போது அவை தரும் செய்திகளின் தொகையையே நாம் பெரிதும் கருதுகின்றோம். எத்தனை ஊர், எத்தனை மைல், என்னென்ன காட்சி என்று எண்ணிச் செல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பயணி எங்கும் போகாது அடைந்து கிடந்த நாள் இக்கணக்கிலே சேர்வதில்லை. ஆயினும் எழுத்தாளனின் உள்ளீடு வெளிப்படுவது பெரும்பாலும் அத்தகைய நாளிலேதான். ஆறு ஓடும்வரை அது தானே காட்சிகளைக் கொண்டுவந்து தந்துகொண்டிருக்கும். மழை பிடித்து வள்ளம் கரையேறிய பின்னர் எழுதுபவனிடம் எஞ்சுவது அவனது மனம் மட்டுமே.

ஐரோப்பாவில் வள்ளப் பயண நூல்களுக்கு வழிகாட்டியவர் ஜோன் மக்கிறெகர் என்ற ஸ்கொத்லாந்தியச் சட்டத்தரணி. 1865 இல் ‘றொப் றோய்’ என்னும் தமது வள்ளத்தில் தனியராய் ஐரோப்பிய ஆறுகளையும் ஏரிகளையும் கடந்து, மறு ஆண்டிலே அப்பயணத்தை நூலாக்கினார். வள்ளம் 15 அடி நீளமும் 80 இறாத்தல் நிறையும் உடையது என்பதை அளந்து கூறும் அவர், ஞாயிறுதோறும் துடுப்பை வைத்துவிட்டு ஓய்ந்திருந்தார். ஆனால் அவ்வோய்வு சமயக் கடமை, முன்னரே தீர்மானிக்கப்பட்டது. எதிர்பாராத ஓய்வுக்கு அவருடைய சுறுசுறுப்பான உரைநடையில் இடம் குறைவு. நல்ல நூல்தான், எனினும் தனிமையில் சென்ற அம்மனிதர் தனிமையைப் பற்றிச் சொல்வது சொற்பம்.

றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன் 1876 இல் அன்ற்வேப்பிலிருந்து கால்வாய்கள், சாம்பிர் ஆறு, உவாஸ் ஆறு வழியாகப் பொன்துவாஸ் வரை சென்றார். 1878 இல் வெளிவந்த ‘ஆன் இன்லண்ட் வொயேஜ்’ அவரது முதல் நூல். இதனைத் தனிப் பயணம் என்று கூறுதல் பொருந்தாது. நண்பர் வோல்ற்றர் சிம்சன் மற்றொரு வள்ளத்தில் உடன் சென்றார். ஆனால் ஆளுக்கொரு வள்ளம். நண்பர்களின் பெயரும் பயண விவரிப்பில் இல்லை. ‘அறெதூசா’, ‘சிகரெட்’ என்ற வள்ளங்களின் பெயர்களே அவற்றைச் செலுத்தியவர்களுக்கும் பெயராகின்றன. மழையில் நனைந்தபடி துடுப்பு வலிப்பவன் எத்துணை தனியன் என்பதை மக்கிறெகரைவிட இவரே நன்கு உணர்த்துகிறார்.

பிரான்சின் வடபுறத்தே உள்ள லாண்ட்றெசியை இருவரும் மழையோடுதான் அடைகின்றனர். முந்திய இரவு, அவர்களது கோலத்தைக் கண்டவர்கள் தெருவியாபாரிகளென்றே கொண்டமையால், எளிய தவறணை ஒன்றிலே தங்க நேர்ந்தது. இங்கோ நல்ல அறை, நல்ல உணவு, வைன். ஓய்வுக்கென்று எவரும் தெரிந்தெடுக்கக்கூடிய ஊர் அதுவன்று: கோட்டை மதில்கள், படைவீரர் குடியிருப்பு, ஒரு தேவாலயம், சில வீடுகள். வியாபாரம் அத்துணை மந்தம். தீத்தட்டி ஒன்று வாங்கியதற்கே கடைக்காரர் மனம் நெகிழ்ந்து மேலதிகக் கற்களைச் சட்டைப்பையில் நிரப்பிவிடுகிறார். தேவாலயத்தில் மார்ஷல் கிளார்க்கின் கல்லறை உண்டு. நெப்போலியனின் போர் அமைச்சராக இருந்த அவரைத் தாம் கேள்விப்பட்டதேயில்லை என்று ஸ்ரீவன்சன் கூசாது எழுதுகிறார். தகவல் தேடும் வாசகன் இங்கே ஏமாறுவான்.

ஆனால் இரவிலே முரசு ஒலிக்கிறது. காவற்படை இருளில் சுற்றிவரும் அவ்வொலியிலிருந்து அத்தியாயம் வேறு தளத்துக்கு ஏறுகிறது. முரசின் தோல் கழுதைத் தோல். உயிரோடிருந்த காலமெல்லாம் அடிபட்ட பிராணி, இறந்த பின்னரும் அடிபடுகிறது. ஆனால் இப்போது அவ்வடியின் ஓசைக்கு மனிதர் சாவை நோக்கி நடக்கின்றனர். கழுதை பழிவாங்குகிறது என்று விளையாட்டாகவே தொடங்கும் எண்ணம், விளையாட்டாக முடிவதில்லை. வீறுமிக்க ஏற்றின் தோலைப் போர்த்து, முரசுக்குத் தெய்வத்தன்மை ஏற்றிப் பலியிட்ட சங்க மரபை அறிந்த நமக்கு இப்பகுதி தனியே உறைக்கும். பிரெஞ்சு–பிரசியப் போர் முடிந்து அப்பொழுது ஐந்து ஆண்டுகளே கழிந்திருந்தன. 1914 ஓகஸ்ற் 25 இரவில் இதே ஊரில் பிரித்தானியப் படையும் ஜேர்மன் படையும் மோதின என்பதையும் இன்று நாம் அறிவோம். அது நமது அறிவு. ஆசிரியரின் தீர்க்கதரிசனம் என்று ஏற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இந்நூல் வசதி படைத்த இளைஞனின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். அக்குற்றச்சாட்டை முற்றாக மறுக்க இயலாது. தெருவியாபாரியாக ஓரிரவு கழித்தவன் மறுநாளே கனவானாகிறான். ஊர் நீதவான் அவனை வீட்டுக்கழைத்து மது வழங்கி உபசரிக்கிறார். ஸ்ரீவன்சனும் 1875 இல் சட்டத்தரணியாகத் தகுதி பெற்றவரே. அதே ஆள், அதே நனைந்த உடை. மாறியது அவனை நோக்கிய கண். இம்மாற்றத்தை அவர் காண்கிறார், வேடிக்கையாகச் சொல்கிறார், ஏன் என்று கேட்பதில்லை. முரசைப் பற்றி அவ்வளவு தூரம் சிந்தித்தவர் நீதவானின் சுவரில் தொங்கிய பழைய பித்தளைப் படுக்கைச்சூட்டுச் சட்டிகளை இரசிப்பதோடு அமைந்துவிடுகிறார். அத்தியாயத்தின் பிற்பகுதி தளர்வது இதனாலேயே என்பது என் கருத்து. முற்பகுதிக்காக இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குறையை நடையின் இனிமையால் மூடிவிடுதல் ஆகாது.

ஓய்வு நாள் முடிந்தது மழை ஓய்ந்ததனாலன்று. மறுநாள் அவர்கள் பிந்தியே புறப்படுகின்றனர், மழையிலேதான். நீதவான் குடையைப் பிடித்துக்கொண்டு கால்வாயின் நீர்ப்பூட்டு வரை வந்து வழியனுப்புகிறார்.