ஏலத்தில் ஊர்ப்பெயர்: ‘டாட் இன்’ டொமைன் வணிகம் குறித்து

நாட்டுக் குறியீட்டில் முடியும் டொமைன் பெயர்களை வாங்கிவைத்து விலை ஏறியதும் ஏலத்தில் விற்பது இன்று ஒரு தனித் தொழில். இந்தியாவுக்கு உரிய குறியீடான ‘டாட் இன்’ 1989இலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் கட்டுப்பாடுகள் மிகுதியாக இருந்ததால் 2004 முடியும்வரை பதிவானவை ஏறத்தாழ 7,000 பெயர்கள்தான். 2005 ஜனவரியில் பொறுப்பு நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகத்தின் கைக்கு வந்தது. முதல் சில வாரங்கள் வணிகக்குறி வைத்திருந்தவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பிப்ரவரி 16 முதல் யார் வேண்டுமானாலும், உலகின் எந்த மூலையிலிருந்தும், முந்தி வந்தவருக்கே பெயர் என்ற முறையில் பதியலாம் என்றானது. 2011இல் எண்ணிக்கை பத்து லட்சத்தைக் கடந்தது. கனடாவின் குறியீட்டைப் பெற அந்நாட்டோடு தொடர்பு இருந்தாக வேண்டும். இந்தியா அப்படி எதையும் கேட்கவில்லை. ‘டாட் இன்’ மறுவிற்பனைச் சந்தை வளர்ந்ததற்கு இந்தத் தாராளமே முதல் காரணம்.

‘பிரீமியம்’ என்று சந்தை மதிக்கும் பெயர்கள் சில வகைப்பட்டவை: இரண்டு மூன்று எழுத்தே கொண்டவை, கடன், காப்பீடு, வேலை போன்ற பொதுச்சொற்கள், அடுத்ததாக ஊர்ப்பெயர்கள். இவை இரு வழிகளில் ஏலத்துக்கு வருகின்றன. வைத்திருப்பவரே ஏலத் தளத்தில் குறைந்தபட்ச விலை குறித்து நிறுத்துவது ஒரு வழி. மற்றது, புதுப்பிக்கப்படாமல் விடுபட்ட பெயர். சலுகைக் காலம் கழிந்து, கூடுதல் கட்டணம் கட்டி மீட்கும் காலமும் கடந்தபின் அந்தப் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். அது நீங்கும் நொடிக்காகவே நிரல் எழுதிக் காத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. பிடித்த பெயரை இரண்டு பேர் முன்பதிவு செய்திருந்தால், அவர்களுக்குள் ஏலம் நடக்கும். கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். கேட்பவர் தன் உச்ச வரம்பை முன்கூட்டியே குறித்துவைத்தால் தளமே அவருக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். பெரிய தொகை என்றால் பணம் நடுவர் கணக்கில் தங்கி, பெயர் கைமாறியது உறுதியான பிறகே விற்றவரைச் சேரும்.

ஊர்ப்பெயருக்கு மதிப்பு எப்படி உண்டாகிறது என்பதற்குத் தென்காசி நல்ல எடுத்துக்காட்டு. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து அது தனி மாவட்டமானது. மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரபூர்வத் தளம் அரசுக்கென ஒதுக்கப்பட்ட ‘நிக் டாட் இன்’ பிரிவின்கீழ் வந்துவிட்டது. அந்தப் பிரிவில் வெளியார் நுழைய முடியாது. ஆனால் ஊரின் பெயரோடு நேரடியாக ‘டாட் இன்’ சேர்ந்த முகவரிக்கு அப்படி எந்த வேலியும் கிடையாது. மாவட்டப் பிரிப்பு பற்றிய சட்டமன்ற அறிவிப்பு அந்த ஆண்டு ஜூலையிலேயே வந்துவிட்டது. அறிவிப்புக்கும் தொடக்க விழாவுக்கும் இடைப்பட்ட நான்கு மாதத்தில், தென்காசியைக் கண்ணால் பார்த்திராத ஒருவர்கூட அந்தப் பெயரோடு மாவட்டம், செய்தி, ஓட்டல், மனை என்று ஒட்டுச்சொல் சேர்த்து எத்தனை முகவரிகளையும் பதிந்திருக்கலாம். விதி அதைத் தடுக்கவில்லை. மதிப்பை உண்டாக்கியது அரசாணை. அதை அறுவடை செய்யும் வாய்ப்பு வேறு யாருக்கோ.

குற்றாலத்தில் சிக்கல் இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் இந்த ஊரை வெள்ளையர் கால எழுத்துக்கூட்டலில் ‘சி’யில் தொடங்கி எழுதுவோர் உண்டு, ஒலியைப் பின்பற்றிக் ‘கே’யில் தொடங்குவோரும் உண்டு. அதிலும் ‘எல்’ ஒன்றா இரண்டா, ‘டி’ ஒன்றா இரண்டா என்பதில் பலகைக்குப் பலகை வேறுபாடு. போதாக்குறைக்கு மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலமும் ஆங்கிலத்தில் இதை நெருங்கிவிடுகிறது. விடுதி நடத்துபவர் ஒரு முகவரியை ஏலத்தில் எடுத்தாலும், மற்ற எழுத்துக்கூட்டல்களில் வரும் விருந்தாளி வேறொருவரின் தளத்துக்குப் போய்விடுவார். ஆகவே ஏல விலை ஒரு பெயருக்கானது என்றாலும், வாங்குபவர் பாதுகாப்புக்காக நாலைந்து பெயர்களுக்குச் செலவழிக்க நேர்கிறது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஆணை நிலைத்திருந்தால், பல ஊர்களின் பழைய எழுத்துக்கூட்டலில் பெரிய விலை கொடுத்தவர்களின் கையில் ஒரு பழைய பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஏலத்துக்குச் சாதகமாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. பேரத்தில் விற்பவர் முதலில் வாங்க வந்தவர் யார் என்று பார்ப்பார். பெரிய நிறுவனம் என்று தெரிந்தால் விலை பத்து மடங்காகும். ஏலத்தில் அந்த வித்தை பலிக்காது. கேட்பவர் குற்றாலம் அருகே இலஞ்சியில் அறைகளை வாடகைக்கு விடுபவரா, சென்னையின் ஓட்டல் குழுமமா என்பது தெரியாமலே விலை நிற்கும். இரண்டாவது, தூங்கும் பெயர்கள் பயன்படுத்துவோரிடம் போய்ச் சேர இதைவிட வேகமான வழி இல்லை. பதிவேட்டில் முந்திக்கொண்டவர் ஓர் ஊர்ப்பெயரைப் பத்தாண்டு சும்மா வைத்திருக்கலாம். ஏலம் இருப்பதால்தான் அவருக்கும் அதை விட்டுக்கொடுக்க ஒரு காரணம் கிடைக்கிறது. மூன்றாவது, நாட்டுக் குறியீடு இன்று இரண்டாந்தரம் அல்ல. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம் இந்திய வாடிக்கையாளர்களின் கணக்குகளைத் தன் ‘டாட் இன்’ முகவரியில்தான் நடத்துகிறது. அதன் ‘அரட்டை’ செயலியின் முகவரியும் ‘டாட் இன்’ என்றே முடிகிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களைப் பார்த்துத் தொழில் தொடங்கும் இளைஞருக்கு, ‘டாட் காம்’ விலையில் சிறு பங்கு கொடுத்து நல்ல பெயரைப் பிடிக்க இந்தச் சந்தை இடம் தருகிறது.

குறைகளில் முதலாவது, சந்தையின் ஒல்லியான உடம்பு. புகழ்பெற்ற பொதுச்சொல்லுக்கு ஐம்பது பேர் மோதலாம். ஒரு சிற்றூரின் பெயருக்கு இரண்டு பேர் வந்தாலே அதிகம். இருவர் மட்டும் கேட்கும் ஏலத்தில் விழும் விலை சந்தை விலை ஆகாது. அந்த இருவரில் ஒருவர் எவ்வளவு பிடிவாதக்காரர் என்பதைத்தான் அது காட்டும். பொருளின் உண்மை மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாத ஏலத்தில், அதை மிகையாக மதித்தவரே வெல்வார் என்பது பொருளியலில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. ஏலக் கோட்பாட்டுக்காக 2020இல் நோபல் பெற்ற ராபர்ட் வில்சனின் ஆய்வுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. டொமைன் பெயர் இதற்கு மிகவும் பொருந்தும் சரக்கு, ஏனெனில் மறுவிற்பனை நடக்கும்வரை அதன் மதிப்பு வெறும் ஊகம்.

இரண்டாவது குறை, ஏலம் நடத்துபவரே கலந்துகொள்ளும் ஆபத்து. ஸ்நாப்நேம்ஸ் என்ற அமெரிக்க ஏல நிறுவனம் 2009இல், தன் மூத்த ஊழியர் ஒருவரே புனைபெயரில் 2005 முதல் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவந்ததாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஊர்ப் பொட்டலில் நடக்கும் ஏலத்தில் சிண்டிகேட் போட்டால் எதிரே நிற்பவரின் முகமாவது தெரியும். இங்கே எதிரி ஒரு பயனர் பெயர் மட்டுமே. ‘டாட் இன்’ பதிவேட்டின் தொழில்நுட்பப் பணியைச் செய்துவந்த நியூஸ்டாரின் பதிவகப் பிரிவை டொமைன் விற்பனை நிறுவனமான கோடாடி 2020இல் வாங்கியபோது, பெயர்களைச் சில்லறையில் விற்பதும் ஏலம் நடத்துவதும் பதிவேட்டைப் பராமரிப்பதும் ஒரே கூரையின்கீழ் வந்தன. முறைகேடு நடந்தது என்பதல்ல வாதம். அப்படி ஓர் அமைப்பில் ஏலத்தில் தோற்றவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அதைத் தீர்த்துவைக்கும் பொது ஏற்பாடு ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட ஆழமான குறை பணம் யாரைச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்குமுன் கடைகள், வாகன நிறுத்தம் போன்றவற்றைப் பேரூராட்சி ஏலம் விடுவது வழக்கம். ஏலம் எடுத்தவர் சீசன் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும், ஆகையால் கடையைப் பூட்டி வைத்திருக்க மாட்டார். குத்தகைத் தொகை ஊர்ப் பொதுக்கணக்குக்குப் போகிறது. அடுத்த ஆண்டு ஏலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டொமைன் ஏலத்தில் இந்த மூன்றுமே தலைகீழ். பெயரைப் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏலத்தொகை முதலில் மலிவாகப் பதிந்தவருக்கும் தரகுத் தளத்துக்கும் போகிறது. பதிவகமான நிக்ஸிக்குக் கிடைப்பது வழக்கமான ஆண்டுக் கட்டணம் மட்டுமே. புதுப்பித்துக்கொண்டே இருந்தால் பெயர் திரும்பி வராது. ஊரின் புகழால் உயர்ந்த மதிப்பில் ஊருக்கு ஒரு காசும் இல்லை. கோளாறு ஏலத்தில் இல்லை, ஏலத்துக்கு முன்னால் நடந்த முதல் ஒதுக்கீட்டில் இருக்கிறது.

பெருவாரியான பெயர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிதாகப் புனைந்த ஒரு சொல்லை முதலில் யோசித்தவர் விற்று இலாபம் பார்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை. குறியீட்டையே நாட்டின் வருவாயாக்கிய இடங்களும் உண்டு. கரீபியத் தீவான அங்குயிலாவின் ‘டாட் ஏஐ’ செயற்கை நுண்ணறிவு அலையில் சிக்கி, 2023இல் அதன் அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈட்டித் தந்தது. அங்கே முதல் பதிவுக் கட்டணமே அதிகம், அது நேரே அரசுக்குச் சேர்கிறது. பதிவு மலிவாக இருக்கும் இந்தியாவில் அந்த இலாபம் இடையில் நிற்பவரிடம் தங்குகிறது.

சட்டம் இதில் பாதித் தூரம்தான் வருகிறது. இந்தியாவில் டொமைன் பெயருக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் ‘சிஃபி’ பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டி வேறொரு நிறுவனம் முகவரி வைத்துக்கொண்ட வழக்கில், 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்றது. அடுத்த ஆண்டு ‘டாட் இன்’ தகராறுகளுக்கென நடுவர் முறை ஒன்று வந்தது. உலக அளவிலான முறையில் பெயரைக் கெட்ட நோக்கோடு பதிந்ததையும் பயன்படுத்தியதையும் சேர்த்து நிறுவ வேண்டும். இந்திய முறையில் இரண்டில் ஒன்றே போதும். வணிகக்குறி உரிமையாளருக்கே கூடுதல் விலைக்கு விற்கும் நோக்கில் பதிந்தது தெரியவந்தால், அதுவே கெட்ட நோக்குக்குச் சான்று. ஆகவே புகழ்பெற்ற நிறுவனப் பெயரை ஏலத்தில் எடுப்பவர் வாங்குவது பெரும்பாலும் ஒரு வழக்கைத்தான்.

ஊர்ப்பெயர் இந்த வலையில் சிக்குவதில்லை. பார்சிலோனா நகர மன்றம் தன் பெயரிலான ‘டாட் காம்’ முகவரியை 2000இல் நடுவர் தீர்ப்பில் வென்றது. 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இடப்பெயர் வெறுமனே வணிகக்குறி ஆகாது என்று அதைத் தனியாருக்கே திருப்பிக் கொடுத்தது. குற்றாலம் பேரூராட்சி நாளை வழக்குத் தொடுத்தாலும் இதே சுவரில்தான் முட்டும். செங்கோட்டை அருகே பிரானூர் எல்லையின் பரோட்டாவால் ஊரூராகப் பரவிவிட்ட ‘பார்டர்’ என்ற பெயரின் கதையும் ஏறத்தாழ இதுவே: பொதுச்சொல்லைத் தனக்கே உரியது என்று காட்டுவது கடினம்.

ஏலத்தில் எடுத்தவரின் உரிமையும் வாங்குபவர்கள் நினைக்கும் அளவுக்கு உறுதியானது அல்ல. ‘டாட் இன்’ பெயரை ஒரே முறையில் அதிகபட்சம் பத்தாண்டுக்கே பதிய முடியும். அது சொத்து அல்ல, ஒப்பந்தம். 2018 செப்டம்பரில் ஜோஹோவின் ‘டாட் காம்’ முகவரியையே அதன் பதிவு நிறுவனம் சில ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி முடக்கியது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோரின் மின்னஞ்சல் மணிக்கணக்கில் நின்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ஏலத்தில் சேமிப்பைக் கொட்டிய சிறு வணிகர் பதிவு நிறுவனத்தின் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. நாட்டுக் குறியீட்டில் அரசியலும் சேர்ந்துகொள்ளும்: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, அங்கிருந்த பலர் ‘டாட் இயு’ பெயர்களை இழந்தார்கள்.

ஊர்ப்பெயர்களை ஒதுக்கும் முறைக்கு மாற்று வழிகள் புதியவை அல்ல. ஆஸ்திரேலியாவில் ஊர்ப்பெயர்கள் நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. பின்னர் வணிகப் பிரிவில் அவற்றை வெளியிட்டபோது, போட்டி இருந்தவற்றைப் பதிவேட்டின் பொறுப்பாளர் அமைப்பே ஏலம் விட்டது. ஊர் மக்களுக்கென மாநிலப் பெயரோடு சேர்ந்த முகவரி தனியாக உருவாக்கப்பட்டது. கனடாவில் நகராட்சிப் பெயர்கள் அந்தந்த நகராட்சிக்கே ஒதுக்கப்படுகின்றன. இந்தியாவில் நிக்ஸி இதைச் செய்யத் தடையேதும் இல்லை. ஏற்கனவே கைமாறிய பெயர்களைத் தொட முடியாது என்பதே இடைஞ்சல். ஆனால் புதிய மாவட்டங்களும் பெயர் மாற்றங்களும் இனியும் வரும். அறிவிப்பு வந்த அன்றே அந்தப் பெயரை நிறுத்திவைத்து, வணிகப் பயனுக்கு விடுவதாக இருந்தால் பதிவகமே ஏலம் விட்டு, ஒரு பங்கை உள்ளாட்சிக்குக் கொடுப்பது நடைமுறைக்கு அரிய காரியமல்ல.

தமிழ் எழுத்திலான குறியீடுகளில் இன்னும் தொடக்க நிலைதான். இலங்கைக்கு 2010இலும், சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் 2011இலும் தமிழ் எழுத்தில் நாட்டுக் குறியீடுகள் கிடைத்தன. இந்தியாவின் தமிழ்க் குறியீடு ‘இந்தியா’ என்றே முடிகிறது. குற்றாலத்துக்குத் தமிழில் எழுத்துக்கூட்டல் ஒன்றே. ஆங்கில முகவரியில் வரும் நாலைந்து பெயர்ச் செலவு இங்கே இல்லை. ஆனால் இந்தப் பெயர்களுக்கு மறுவிற்பனைச் சந்தை என்று சொல்லும் அளவுக்கு எதுவும் உருவாகவில்லை. பல மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் தமிழ் முகவரியை ஏற்பதில்லை. சில மென்பொருள்கள் அதைப் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகவே காட்டுகின்றன. மொத்தமாகப் பெயர் பிடித்து வைப்பவர்களுக்கும் அதனால் இங்கே இன்னும் ஆர்வமில்லை. ஊர்ப்பெயர்களை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிவைக்க மிகக் குறைந்த செலவில் முடியும் இடம், இப்போதைக்கு, இந்தக் குறியீடுதான்.