மறைகுறிக் கையேடுகளும் பிழைதிருத்தமும்

எழுத்துப்பிழை திருத்துதல் சிறுதொழிலென இகழப்படுவதுண்டு. மறைகுறியாக்க மென்பொருள்களின் கையேடுகளை நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். ஏனைய நூல்களிற் பிழை படிப்போனை இடறச்செய்யும். இக்கையேடுகளிலோ அவன் மறைக்க விரும்பியதையே வெளிப்படுத்திவிடக்கூடும்.

1999ஆம் ஆண்டில் விற்றன், ரைகர் என்போர் வெளியிட்ட ஆய்விலே, பி.ஜி.பி. 5.0 என்னும் கருவியைக் கையாள முயன்ற 12 பேருள் 3 பேர் மறைக்கவேண்டிய செய்தியை மறைக்காமலே அனுப்பிவிட்டனர். அங்குக் குறை கருவியின் அமைப்பைச் சார்ந்தது. எனினும், இத்துறையிற் சிறு மயக்கமும் எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்கு அது சான்றாகும்.

ஜி.பி.ஜி. என்னும் கருவியில் 'எக்ஸ்போட்' என்னும் ஆணை பொதுத் திறவுகோலைத் தரும். 'சீக்கிறெற் கீஸ்' என்பதும் உடன்சேரின் இரகசியத் திறவுகோலே வெளிவரும். முன்னையது நண்பர்க்கு அனுப்பத்தக்கது. பின்னையது எவர்க்கும் காட்டலாகாதது. கையேட்டில் ஒன்றினிடத்து மற்றொன்று பதிவாயின் விளைவு கூறவேண்டா. ஆணைக்கு முன்னிற்கும் இரு சிறுகோடுகள் அச்சில் ஒரு நெடுங்கோடாய் இணையினும் கருவி அதனை ஆணையென அறியாதுபோகலாம்.

ஆயினும், பிழையெனத் தோன்றுவன யாவும் களையத்தக்கன அல்ல. 1996இல் வெளிவந்த எச்.ரி.ரி.பி. விதிமுறை ஆவணத்தில் 'றெஃபறர்' என்னும் ஆங்கிலச் சொல், இரட்டித்து நிற்கவேண்டிய ஓரெழுத்துக் குறைந்தே பதிவாயிற்று. இன்று அப்பிழை வடிவமே பெயர். அதனைத் 'திருத்துபவன்' நிரலைக் கெடுப்பவனாவான்.

ஆதலின், உரையிலுள்ள பிழையைத் தயங்காது களைக. ஆணையிலுள்ள எழுத்தை இயக்கிப் பார்த்தன்றித் தொடற்க. கூரிய கண்ணோடு அடக்கமும் உடையவனே நல்ல பிழைதிருத்துநன்.