கொம்பும் கூறும்

மாசி சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் ஊரில் ஆம்பளைகள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். விடியும் முன்பே கம்பும் வலையும் எடுத்துக்கொண்டு, நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கரட்டுக்குப் போய்விடுவார்கள். பாரிவேட்டை. சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தார்க்கு விளக்கத் தேவையில்லை. பொழுது சாயும்போது பத்துப் பன்னிரண்டு முயல்களோடு திரும்புவார்கள். மந்தையில் பூவரச இலையைப் பரப்பிக் கூறு போடுவார்கள். தலைக்கட்டுக்கு ஒரு கூறு. நாய் கொண்டுவந்தவருக்கு அரைக் கூறு கூடுதல். ஆம்பளை இல்லாத வீட்டுக்கும் ஒரு கூறு தவறாமல் போகும். என் பாட்டி அந்த இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு அரைக்கிற மிளகாய்க்குக்கூடக் கட்டாது" என்பாள். நாலு துண்டு, அதில் இரண்டு எலும்பு.

அந்த வேட்டையை எந்தக் கணக்கில் எழுதுவது? பசி என்று சொல்ல முடியாது. எனக்கு விவரம் தெரிந்தபோதே ஊரில் கறிக்கோழிக் கடை வந்துவிட்டது. விளையாட்டு என்றால், கறியில் ஒரு நரம்பைக்கூட யாரும் வீணாக்கியதில்லை. சாமி பெயரால் நடப்பதால் சடங்கு என்றும் சொல்லலாம். சட்டத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை; பிடிபட்டால் அபராதம், வழக்கு.

வேட்டை பற்றிப் பேச்சு வந்தால் நாம் சட்டென்று ஒரு கோடு கிழிக்கிறோம். வயிற்றுக்காகக் கொன்றால் நியாயம், விளையாட்டுக்காகக் கொன்றால் அநியாயம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கோடு எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்தால் முதல் அடியிலேயே சரிகிறது.

மனிதன் செய்த ஆகப்பெரிய வேட்டைக் குற்றங்களில் ஒன்று சாப்பாட்டுக்காகவே நடந்தது. வட அமெரிக்காவின் பயணிப் புறாக்கள் ஒரு காலத்தில் நூறு கோடிக் கணக்கில் இருந்தன. கூட்டம் கடந்து போகும்போது வானம் இருண்டது என்று நேரில் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ரயிலும் தந்தியும் வந்தன. கூட்டம் எங்கே இறங்கியிருக்கிறது என்று தந்தி சொல்லும். பீப்பாய் பீப்பாயாக அடைத்த புறாக்கறியை ரயில் நகரத்துச் சந்தைக்குக் கொண்டுபோகும். 1914-இல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் மார்த்தா என்ற கடைசிப் புறா செத்தது. அந்தப் புறாக்களில் பெரும்பங்கு தட்டுக்குப் போனவை. சுவரில் மாட்டுவதற்காகச் சுட்டவை எத்தனை இருந்துவிடும்?

கொல்லும் முறையைப் பார்த்தாலும் கறி வேட்டைக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. கண்ணியில் மாட்டிய மான் இரவெல்லாம் இழுத்து இழுத்துக் கால் அறுந்து நிற்கும். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் இன்னும் மோசம். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பார்கள். கடித்ததும் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை யானை கடித்தால், தாடை நொறுங்கி, தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் சாகும். கோவை வட்டாரத்து வனத்துறையினரிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஒரே குண்டில் சாய்க்க வேண்டும், காயம்பட்டதைத் தேடிப்போய் முடிக்க வேண்டும் என்று விளையாட்டு வேட்டைக்காரர்கள் தங்களுக்கு வகுத்துக்கொண்ட ஒழுக்கம், காகிதத்திலாவது, இதைவிட மேல்.

விளையாட்டு வேட்டையாடிய வெள்ளைக்காரத் துரைமார்களின் கட்சியையும் கேட்டாக வேண்டும். நீலகிரியில் வரையாட்டை அவர்கள் 'ஐபெக்ஸ்' என்று தவறாக அழைத்தார்கள். முதுகில் வெளிறிய சேணம் போட்டாற்போல இருக்கும் வயதான கிடாயைத்தான் தேடினார்கள். சுட்டுத் தள்ளியதில் எண்ணிக்கை சரிந்தது. சுட ஆடு இருக்காது என்ற கவலை வந்ததும் அவர்களே சங்கம் அமைத்தார்கள். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுடக்கூடாத காலம், உரிமச் சீட்டு என்றெல்லாம் முறை ஏற்பட்டது. மூணாறுப் பக்கம் தோட்டத் துரைமார்கள் இரவிகுளத்தைத் தங்கள் வேட்டைக்கென ஒதுக்கி, முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். அந்தப் புல்வெளிதான் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. இன்று அங்குள்ள ராஜமலைக்குப் போகிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரையாட்டைப் பார்க்கிறார்கள் என்றால், அதற்கு அந்த வேட்டைக்காரர்களின் சுயநலமும் ஒரு காரணம். இதை மறைப்பது நேர்மையாகாது. அதே கையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீட்டு வாங்கிச் சுட்டவர் கனவானாக இருக்க, தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்தவர் அந்தச் சட்டத்தின் முன் திருடர் ஆனார். கறி வேட்டையைக் குற்றமாக்கி விளையாட்டு வேட்டையை மரியாதையாக்கியது காலனிக் காலம். நாம் இன்று கிழிக்கும் கோட்டுக்கு நேர் எதிர்.

விளையாட்டு வேட்டைக்கு இன்று சொல்லப்படும் வலுவான வாதமும் ஒரு மலை ஆட்டைப் பற்றியதுதான். பாகிஸ்தானின் வடக்கு மலைகளில், திருகிய கொம்போடு திரியும் மார்க்கோர். ஆண்டுக்கு ஒரு டஜன் அளவில், வயதான கிடாய்களை மட்டும் சுட வெளிநாட்டவருக்குச் சீட்டு ஏலம் விடுகிறார்கள். ஒரு சீட்டின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். அதில் 80 சதவீதம் அந்த மலைக் கிராமங்களுக்குப் போகிறது. முன்பு கறிக்காக ஆட்டைச் சுட்டவர்களே இப்போது அதைக் காவல் காக்கிறார்கள். 2015-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மார்க்கோரை அருகிய இனங்களின் பட்டியலிலிருந்து இரண்டு படி இறக்கியது. நமீபியாவிலும் 1996-க்குப் பிறகு சமூகக் காப்பகங்களில் இதே ஏற்பாடு. அங்கே கொம்பு வேட்டைக்காரருக்கு, கறி ஊருக்கு.

இதன் பக்கத்தில் நம் வரையாட்டை நிறுத்திப் பார்க்கலாம். 1972-க்குப் பிறகு அதைச் சுட யாருக்கும் சீட்டு இல்லை. 2023-இல் தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாயில் தனித் திட்டமே தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள், 2025-இல் 1,303. (ஒரே ஆண்டில் அவ்வளவு குட்டி பிறந்துவிட்டது என்று துள்ள வேண்டாம், கூடுதல் இடங்களில் தேடினாலும் எண்ணிக்கை கூடும்.) ஆக, ஒரு துப்பாக்கிகூட இல்லாமலும் மலை ஆடு பிழைக்கிறது. தடை போட்டாலே விலங்கு பிழைத்துவிடும் என்பதும் இல்லை. 1977-இல் கென்யா விளையாட்டு வேட்டையைத் தடை செய்தது. அதன் பிறகு 2016 வரை அங்கே காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. மேய்ச்சல் பெருகியது, நிலம் சுருங்கியது. விலங்கு இருப்பதால் ஊராருக்கு எந்த வரும்படியும் இல்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மார்க்கோரைக் காப்பாற்றியது குண்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊருக்குப் போன அந்த 80 சதவீதம் காப்பாற்றியது. அந்தப் பணம் நுழைவுச் சீட்டிலிருந்து வரலாம், அரசுக் கருவூலத்திலிருந்து வரலாம். அங்கே வேறு வழியில்லாததால் துப்பாக்கிக்காரரிடமிருந்து வருகிறது. ஏழை மலைக்காரர்கள் அந்தப் பேரத்தை ஒப்புக்கொள்வதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் பேரம் படிந்ததாலேயே, வாங்க வந்தவர் செய்வது நல்ல காரியம் ஆகிவிடாது. அவர் கொடுத்த பணத்துக்கு ரசீது உண்டு. புண்ணியக் கணக்கை அந்த ரசீதில் எழுத முடியாது.

அவர் செய்யும் காரியத்தையே தனியாக எடுத்துப் பார்ப்போம். ஸ்பெயின் நாட்டுச் சிந்தனையாளர் ஒர்தேகா இ காசெத், 1942-இல் ஒரு நண்பரின் வேட்டை நூலுக்கு எழுதிய முன்னுரையில், வேட்டையின் சாரம் கொலை அன்று என்று வாதிட்டார். ஆனால் கொலை என்ற முடிவு இல்லாவிட்டால் வேட்டை வெறும் நடிப்பாகிவிடும் என்றார். வேட்டையின் பக்கம் நின்று பேசியவர்களில் இவ்வளவு நேர்மையாகப் பேசியவர் குறைவு. தடம் பார்ப்பது, காற்றின் திசை அறிந்து நகர்வது, மணிக்கணக்காக அசையாமல் காத்திருப்பது, காட்டை உடம்பால் படிப்பது எல்லாம் உயர்ந்த வித்தைகள்தான். ஆனால் இவை அத்தனையும் துப்பாக்கி இல்லாமல் கிட்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 'சூப்பர் பாண்டரோசா' என்று தானே பெயர் வைத்து ஒட்டுப்போட்டு உருவாக்கிய கேமராவைத் தூக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் செய்தது இதைத்தான். எந்த ஷிகாரியைவிடவும் அவர் காட்டைக் குறைவாக அறிந்தவர் இல்லை. கேமராவால் கிட்டாமல் மிஞ்சுவது ஒன்றே ஒன்று, அந்தச் சாவு. ஒர்தேகா சொல்வதுபோல அது வேட்டைக்காரரின் அனுபவத்துக்கு மெய்த்தன்மை தரலாம். அந்த மெய்த்தன்மைக்கு விலை கொடுப்பது அவர் இல்லையே. 1947-இல் கொரியா சமஸ்தானத்து ராஜா இரவில் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டு, அவற்றை முன்னால் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டார். 1952-இல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் படத்தில் வித்தையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. மிஞ்சும் அந்த ஒன்று மட்டும் இருக்கிறது.

அப்படியானால் கறிக்காகக் கொல்பவரை விட்டுவிடலாமா? அவரைக் கேட்க என்னிடம் இரண்டு கேள்விகள் உண்டு. கறி கிடைக்காது என்று தெரிந்தால் போவாயா? போகாமலே கறி கைக்கு வந்தால் வீட்டில் இருப்பாயா? முதலாவதற்கு 'போகமாட்டேன்', இரண்டாவதற்கு 'இருப்பேன்' என்று சொல்பவரே வயிற்றுக்காக வேட்டையாடுபவர். அமெரிக்காவில் மான் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் கறியைத் தின்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கறியைப் பொட்டலமாக வாசலில் வைத்துவிட்டால் அவர்கள் துப்பாக்கியைக் கழுவி மாட்டிவிடுவார்களா? தின்பது வீணடிக்காமல் இருப்பதற்கான ஒழுக்கம். கொன்றதற்கான காரணம் ஆகாது.

இங்கே என்னையே மடக்கும் கேள்வி ஒன்று உண்டு. கொட்டகையில் அடைத்து நாற்பது நாள் வளர்த்த கோழியை ஞாயிறுதோறும் தின்கிறவன், காட்டில் இஷ்டம்போலத் திரிந்து ஒரே குண்டில் செத்த பன்றியைத் தின்பவனை எந்த வாயால் கண்டிப்பது? விலங்கு படும் வேதனை என்ற தராசில் நிறுத்தினால் நான்தான் குற்றவாளி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. காட்டு விலங்கின் எண்ணிக்கை சந்தையைத் தாங்காது என்பது மட்டுமே எனக்கு மிஞ்சும் வாதம். பயணிப் புறா காட்டியதும் அதையே. புலால் மறுத்தலில் வள்ளுவரும், வாங்குபவன் இருப்பதால்தான் விற்பவன் கொல்கிறான் என்று சந்தையின் மேல்தான் கை வைக்கிறார். ஆக, கறி வேட்டையில் நான் பயப்பட வேண்டியது தின்னும் வாயைக் கண்டு இல்லை. சந்தையின் தராசைக் கண்டு.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு குழி. பாலக்காட்டுப் பக்கம் நண்பர் ஒருவரின் மரவள்ளித் தோட்டம். காட்டுப்பன்றிகள் இரண்டே இரவில் பாதியைக் கிண்டிப் போட்டிருந்தன. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே சுட அனுமதி தரலாம். உரிமம் பெற்ற ஒருவர் வந்து சுட்டார். எழுபது கிலோவாவது இருக்கும். ஆள் உயரக் குழி வெட்டி, பன்றியைத் தள்ளி, யாரும் தோண்டி எடுத்துவிடாதபடி மண்ணெண்ணெய் ஊற்றி மூடினார்கள். வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் சொத்து, தின்றால் குற்றம். குழி வெட்டிய பெரியவர் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே, "கொன்னாச்சு. அப்புறம் எதுக்கு மண்ணுக்குக் குடுக்கணும்?" என்றார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2025 விதிப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறையினர் மட்டும் சுடலாம்.

புதைப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. தின்னலாம் என்று விட்டால் ஒவ்வொரு பன்றியும் 'பயிரை அழித்த பன்றி' ஆகிவிடும். மறுநாளே சந்தையில் கிலோ விலை வரும். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து, விற்பனையைத் தடுப்பது. காப்பகங்களுக்கு வெளியே வரம்புக்குட்பட்ட வேட்டையை அனுமதிக்க வேண்டும் என்று சூழலியலாளர் மாதவ் காட்கில் சொன்னபோது பலர் அவர் மேல் பாய்ந்தார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எப்படியும் சாக வேண்டியது என்று அதிகாரி முடிவு செய்த பன்றி, கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு, பயிர் இழந்த ஊருக்குள் கூறாகப் போகட்டும். எடை போட்டு விற்றால் தண்டனை இன்றைக்கு இருப்பதைவிடக் கடுமையாக இருக்கட்டும். கொன்று தின்பதைவிடக் கொன்று மண்ணெண்ணெய் ஊற்றுவது கருணை மிகுந்தது என்று என்னை ஒப்புக்கொள்ள வைக்கும் வாதத்தை இதுவரை கேட்டதில்லை.

இதே அளவுகோலை எங்கள் ஊர் முயல் மேல் வைத்தால் தீர்ப்பு எனக்குப் பிடிக்காததாக வருகிறது. முயல் யார் பயிரையும் அழிக்கவில்லை. கறி வாசலுக்கு வந்தாலும் எங்கள் ஆட்கள் கரட்டுக்குப் போவார்கள். இரண்டு கேள்வியிலும் பாரிவேட்டை தோற்கிறது. கூறு என்ற அந்த ஏற்பாட்டின் அழகை வைத்து அதற்கு வக்காலத்து வாங்கலாமா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

போன மாசியில் ஊருக்குப் போனபோது பங்காளி மகன் கைப்பேசியில் ரீல்ஸ் காட்டினான். காதைப் பிடித்துத் தூக்கிய முயல், பின்னணியில் சினிமாப் பாட்டு, பையன்கள் வரிசையாகக் கூலிங் கிளாஸில். "எத்தனை கூறுடா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"கூறா? அதெல்லாம் இல்ல சித்தப்பா. மந்தைல வச்சா பாரஸ்ட்காரன் வந்துருவான். அப்பவே வித்துட்டோம். ஒண்ணு எண்ணூறு ரூவா."